தண்ணீர் இறங்கும்போது குடித்த கோப்பி

இந்த ஊரில் பொழுது விடிந்ததும் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, "வயிறு போச்சா?" என்பதுதான். நம் ஊரில் "சாப்பிட்டியளோ?" என்று கேட்பதைப் போல, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், ஆண் பெண் என்ற பேதமில்லாமல், வேப்பங்குச்சியை மென்றுகொண்டே கேட்கிறார்கள். பதிலும் ஒற்றைச் சொல்லில் முடியாது. போனது என்றால் எப்படிப் போனது, போகவில்லை என்றால் நேற்று என்ன தின்றது, எந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது என்று தெருவே கூடி நின்று ஆராயும். நான் பழவேற்காட்டில் வந்திறங்கிய மறுநாள் காலை, முன்பின் தெரியாத ஒரு பெண், இடுப்பில் மீன்கூடையோடு போகிற போக்கில் என்னிடம் அதைக் கேட்டாள். நான் வேலிப் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரிலுள்ளவர்களுக்கும், என்னைப் போல ஒல்லாந்தரின் மூட்டை முடிச்சுகளோடு கடல் கடந்து வந்து கிடப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஓர் ஒல்லாந்தத் துரையின் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவள் நான். துரைக்குப் பழவேற்காட்டுக் கோட்டைக்கு மாற்றல் வந்தபோது, அவருடைய மனைவி, நாங்கள் நோனா என்று அழைப்பவள், கண்ணாடிச் சாமான்களோடும் கோப்பிக்கொட்டைச் சாக்குகளோடும் என்னையும் கப்பலில் ஏற்றிவிட்டாள். நான் கைம்பெண். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. மாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. கோட்டைக்குள் வேலைக்காரர் படுக்க இடமில்லை என்று, ஏரிக்கரையில் மீன்பிடிக்கிறவர்களின் குப்பத்தில், எல்லம்மா என்பவளுடைய குடிசையை ஒட்டி எனக்கு ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார்கள். விடியும் முன் கோட்டைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புவேன்.

குப்பத்தின் நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடல் நாற்றம் எனக்குப் புதிதல்ல. நம் கடலில் உப்பு மணக்கும், பாசி மணக்கும், அவ்வளவுதான். இது ஏரி. தண்ணீர் இறங்கினால் கரிய சேறு வெளியே வந்து வெயிலில் புளிக்கும். அதன் மேல் இறால் தோடு, நண்டு ஓடு, செத்த கெளிற்று மீன், நாய், ஈ. காலை வைத்தால் முழங்கால்வரை உறிஞ்சிக்கொண்டு, எடுக்கும்போது ஒரு சத்தம் போடும். நான் அந்தச் சேற்றில் கால் வைப்பதில்லை என்று வந்த நாளே முடிவு செய்திருந்தேன். கோட்டைக்குப் போக மேட்டு வழி ஒன்று உண்டு, சுற்றுவழி. தினமும் அதில்தான் போவேன். குப்பத்துப் பெண்கள் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று நடப்பேன்.

கோட்டைக்குள் மட்டும் என்ன வாழ்ந்தது? சுவர் வெள்ளை, தரை வெள்ளை, மனிதர்கள் குளிப்பதில்லை. துரை எழுந்ததும் படுக்கையிலேயே கோப்பி குடிப்பார். பச்சைக் கொட்டையை இரும்புச் சட்டியில் கருக வறுத்து, உரலில் இடித்து, கொதிக்கும் நீரில் போட்டுத் துணியில் வடித்துக் கொடுப்பது என் வேலை. அதைப் பால் விடாமல், நோய்க்குக் கஷாயம் குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். குடித்ததும் ஓர் ஏப்பம். பிறகு வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். பிறகு அவசரமாகக் கட்டிலுக்கு அடியிலிருக்கும் பீங்கான் பானையைத் தேடுவார். இது ஒருநாளும் தப்பியதில்லை. முதல்நாள் இரவு மாட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியும் புளித்த ரொட்டியும் தின்று அடைத்த வயிறு, அந்த ஒரு கிண்ணக் கருப்புத் தண்ணீருக்குத் திறந்துகொள்ளும். அந்தப் பானையை மூடி எடுத்துப் போவதற்கென்று இதே ஊரில் விலைக்கு வாங்கிய பெண் ஒருத்தி இருந்தாள். மனிதரை விலைக்கு வாங்கித் தின்கிற வயிறு உப்பாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டே அடுத்த கிண்ணத்தை வடிப்பேன்.

நோனாவின் வழி வேறு. அவளுக்கு ஆட்டுப்பால் விட்டு, சர்க்கரைக் கட்டி போட்டு, ஆடை மிதக்க மிதக்கக் கொடுக்க வேண்டும். அவள் குடித்து மீதி வைப்பதை நான் குசினியில் குடிப்பேன். எச்சில் கோப்பியா என்று முகம் சுளிக்காதீர்கள். எனக்கும் அருவருப்புத்தான். ஆனால் வறுத்த கோப்பியின் மணம் ஒன்றுதான் இந்த ஊரில் எனக்குத் தெரிந்த மணமாக இருந்தது. யாழ்ப்பாணத்துக் குசினியிலும் அதே மணம்தான் சுவரில் ஏறியிருக்கும். அதை மூக்கில் வாங்கினால் ஏரி மறந்துபோகும். ஆனால் மூக்குக்கு நல்லதெல்லாம் வயிற்றுக்கு நல்லதல்ல. வந்த சில மாதங்களில் என் வயிறு பறைபோல உப்பிவிட்டது. விரலால் சுண்டினால் சத்தம் கேட்கும். மத்தியானத்தில் நெஞ்சு எரியும், சாயந்தரத்தில் உள்ளே உருளும். ஏரித் தண்ணீர்தான் காரணம் என்று ஏரியைத் திட்டினேன்.

ஒருநாள் நோனா என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். தன் வயிற்றைத் தடவிக்காட்டி, கைகளைத் தொட்டில்போல ஆட்டி, "பிள்ளை? யார்?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். எனக்கு உச்சந்தலை எரிந்தது. "பிள்ளையில்லை நோனா, காத்து" என்று சொல்லி, வாயால் ஊதிக் காட்டினேன். அவள் அதைக் கேட்டுச் சாளரத்தைப் பார்த்தாள், வெளியே காற்றடிக்கிறதோ என்று. பிறகு ஏதோ புரிந்தவள்போல என் தோளைத் தட்டி, வாடைக்காற்று அடிக்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் போகும், அதில் உன்னை ஊருக்கு அனுப்புகிறேன், அங்கேயே பெற்றுக்கொள் என்கிற பொருளில் கையை ஆட்டிச் சொன்னாள். அவள் நினைத்தது கேவலம். ஆனால் கிடைத்த வாக்குறுதி பொன். நான் வாயை மூடிக்கொண்டேன். என் மகள் தலைப்பிள்ளையை மார்கழிக் கடைசியில் எதிர்பார்த்திருப்பதாகக் கப்பல்காரர்கள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். பெற்ற தாய் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம். காற்றுக்குப் பிள்ளை என்று பெயர் வைத்தால்தான் ஊர் போகலாம் என்றால் வைத்துவிட்டுப் போகட்டும்.

என் முற்றத்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம். பனையோலை வேலி, கூட்டித் துப்புரவாக்கிய வெண்மணல், துலா மிதித்து இறைக்கிற கிணறு, உப்பில்லாத தண்ணீர். சாயந்தரம் ஒடியல் மாவில், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில், கூழ் காய்ச்சினால் வீடு முழுக்க ஒரே பானையைச் சுற்றி இருந்து, பிலாவிலையில் ஊற்றிக் குடிப்போம். யாரும் யாருடைய வயிற்றையும் விசாரிக்க மாட்டார்கள். வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அல்லவா நாம் வளர்ந்தோம்?

ஐப்பசி முடிவில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் எல்லம்மாவுக்குப் பிரசவமானது. இரண்டாவது பெண். அவளுக்கு மாமியாரும் இல்லை, தாயும் இல்லை. கணவன் தேசப்பன் வாசலில் நின்று கையைப் பிசைந்தான். அவனுடைய தம்பிமார் எல்லாரும் தனித்தனி அடுப்புப் பிரித்துக்கொண்டு போனவர்கள். வேறு வழியில்லாமல் நான் உள்ளே போனேன். மருத்துவச்சி சொன்னதையெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தேன். அதற்குப் பிறகு அவள் அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்பதால், அந்த அடுப்பில் நான்தான் சமைத்தேன். அவளுக்குப் பத்தியச் சோறு, எனக்கும் தேசப்பனுக்கும் மூத்த பிள்ளைக்கும் கஞ்சி. சில சாயந்தரங்களில், நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒடியல் மாவில் அவர்கள் ஏரி இறாலையும் நண்டையும் போட்டுக் கூழ். தேசப்பன் மூன்று சிரட்டை குடிப்பான். நானும் அங்கேயே குந்தியிருந்து குடிப்பேன். ஆனால் தெருவில் யாராவது கேட்டால், "நான் கோட்டையிலை சாப்பிடுறனான்" என்றுதான் சொல்லுவேன். சேற்று நாற்றமடிக்கிற அடுப்பில் கைநனைக்கிறவள் என்று பெயரெடுக்க எனக்கு மனமில்லை.

இனி நடந்தது புரிய வேண்டுமானால் பாடு என்பதைச் சொல்ல வேண்டும். இந்த ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் வெளியேறும் வாய்க்கால்கள் இருக்கின்றன. தண்ணீர் இறங்கும்போது இறால் அதனோடு கடலுக்கு ஓடும். அங்கே குறுக்கே வலை கட்டிப் பிடிப்பார்கள். ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு பாடு. யார் எந்தப் பாட்டில் என்றைக்கு நிற்பது என்று தை மாதத்தில் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். அடுப்புக்கு ஒரு கழி. வலையைத் தாங்கும் அந்தக் கழியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், தண்ணீர் இறங்கத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். ஒரு கழி சாய்ந்தால் வலை முழுதும் சாயும். பாட்டுத் தண்ணீர் அம்மனுக்கு உரியது. அதில் நின்று அசுத்தம் செய்யக் கூடாது. நடுவில் கழியை விட்டுக் கரையேறவும் கூடாது. விட்டால் அந்த அடுப்புக்கு அடுத்த குலுக்கல்வரை பாடு கிடையாது. இவர்கள் விடிந்ததும் ஏன் வயிற்றை விசாரிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதால் அருவருப்புக் குறைந்தது என்று நினைக்காதீர்கள்.

கார்த்திகையில் தேசப்பனுக்கு வயிறு அடைத்துக்கொண்டது. எனக்கு இருந்ததைப் போல இரண்டு மடங்கு. குனிய முடியவில்லை, மூச்சு முட்டியது. அவன் முறை வந்த நாளில் பாயைவிட்டு எழ முடியாமல் கிடந்தான். பிரசவம் நடந்த வீடு என்று பெரியதனக்காரர், அதாவது குப்பத்தின் தலைவர், அந்த ஒரு தடவையை மன்னித்தார். "அடுத்த மொறைக்கு நிக்கலன்னா கழியை வேற அடுப்புக்குக் குடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாடு போனால் அந்த வீட்டில் தை வரைக்கும் அடுப்பு எரியாது. பச்சை உடம்புக்காரியும் இரண்டு குழந்தைகளும் என்ன செய்வார்கள்?

வைத்தியம் என்ற பெயரில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குக் குமட்டும். நண்டைச் சுட்டு அந்தக் கரியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். வயிற்றில் சுறா எண்ணெயைப் பூசி, சூடான சேற்றை அப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏறி மிதித்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு தெருவே வாசலில் வந்து நின்று, "போச்சா?" என்று கேட்டது. போகவில்லை. என்னுடைய கூழ்தான் காரணம் என்று சிலர் பேசினார்கள். "பனங்கெழங்கு மாவைப் போட்டு பசை மாதிரி காய்ச்சி ஊத்துனா வயிறு இன்னாதான் பண்ணும்?" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நம் ஊரெல்லாம் குடித்து வளர்ந்த கூழைப் பற்றி, நண்டுக் கரி தின்கிறவள் பேசுகிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

எல்லம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டாள். "யக்கா, உங்க தொரை காலைல ஒரு கருப்புத் தண்ணி குடிக்கிறாராமே. அது வயித்தத் தொறந்து வுட்ருமாமே. கோட்டைல பெருக்கறவ சொன்னா. மெய்யா?"

"மெய்தான்" என்றேன். "ஆனா அது உங்கடை ஆக்களுக்கு ஒத்துவருமோ தெரியாது."

"நண்டுக் கரியவே துன்னுட்டாரு. இதுக்கு மேல இன்னா ஒத்துக்காமப் போவுது?"

கொட்டையை நோனா பூட்டி வைத்திருப்பாள். சக்கை மட்டும் என்னுடையது, எறிகிற பண்டம். மூன்று நாள் சக்கையைச் சேர்த்து, சுக்கைத் தட்டிப் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, பால் விடாமல் ஒரு சின்னச் சட்டியில் கொண்டுவந்தேன். மறுநாள் தேசப்பனின் முறை. துரையின் வயிற்றை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவள் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். இது கிண்ணம் காலியாகி வெகுநேரம் காத்திருக்காது. எல்லம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "விடியமுன்னம் வெறும் வயித்திலை குடிக்கச் சொல்லு. குடிச்சுப்போட்டு ஒதுக்குப்புறமாப் போகட்டும். எல்லாம் போய்முடிஞ்ச பிறகுதான் தண்ணியிலை இறங்க வேணும். விளங்குதோ?" அவள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவதற்கும் விளங்குவதற்கும் இந்த ஊரில் சம்பந்தமில்லை.

மறுநாள் கோட்டைக்குக் கிளம்பியவள், வாசலில் நின்று, "குடிச்சவரோ?" என்று கேட்டேன். எல்லம்மா நிதானமாகச் சொன்னாள். "சட்டியக் கையோட எடுத்துக்கினு போயிருக்காரு யக்கா. தண்ணி எறங்கச்சொல்ல குடிப்பாரு."

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். வயிற்றுக்கு எந்த மருந்தானாலும் ஏரித் தண்ணீர் இறங்கத் தொடங்கும் நேரத்தில்தான் குடிக்க வேண்டுமாம். தண்ணீர் வெளியே போகும்போது வயிற்றுக் காற்றும் கூடவே போய்விடுமாம். "ஏறச்சொல்ல குடிச்சா காத்து இன்னும் மேல ஏறிக்கும். எங்க நைனா காலத்துலேர்ந்தே அப்டித்தான்" என்றாள். தண்ணீர் இறங்கத் தொடங்குகிற நேரத்தில்தான் பாட்டில் கழி ஊன்றுவார்கள் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. சேற்றையும் நண்டுக் கரியையும்போல இதுவும் நாட்கணக்கில் மெல்ல வேலை செய்யும் என்று எண்ணிவிட்டார்கள்.

மேட்டு வழி சுற்றுவழி. அன்று நான் சேற்றில் இறங்கி ஓடினேன். முழங்கால்வரை உறிஞ்சியது, சத்தம் போட்டது, எதுவோ காலடியில் நழுவியது. ஓடிப்போய்ப் பாட்டின் கரையில் நின்றபோது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே வரிசையாக ஆண்கள், ஆளுக்கொரு கழி. என் சட்டி கரையில் கவிழ்ந்து கிடந்தது. தேசப்பன் முகம் சாம்பலாக இருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. துரையின் முகத்தில் தினமும் பார்க்கிற அதே அவசரம். ஆனால் இவனுக்குக் கட்டிலுக்கு அடியில் பீங்கான் பானை இல்லை.

"பெரியதனம், என்னால ஆவல" என்றான்.

வரிசையின் முனையில் நின்ற பெரியதனக்காரர் திரும்பவில்லை. "கழிய வுட்டா வுட்டதுதான் தேசா. உன் அடுப்புல துன்ற வேற ஆளு வந்து புடிச்சா போலாம்."

அது அவர்கள் வழக்கம். ஒரே அடுப்பில் தின்கிறவர் யாராவது கழியை வாங்கிக்கொண்டால் முறை போகாது. ஆனால் எல்லம்மா தீட்டுக்காரி, பாட்டுத் தண்ணீரைப் பார்க்கவே கூடாது. தம்பிமார் அதே வரிசையில், தத்தம் அடுப்புக் கழியோடு நின்றார்கள். அவர்கள் அண்ணனைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமலிருக்கவும் முடியாமல் தண்ணீரைப் பார்த்தார்கள். தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது.

"நான் அந்த அடுப்பிலை தின்கிறனான்" என்றேன்.

கூடைகளோடு கரையில் நின்ற பெண்களில் ஒருத்தி, "இவ கோட்டை ரொட்டி துன்றவளாச்சே" என்றாள். எத்தனை நாள் நானே வீதியில் சொல்லித் திரிந்தது அது.

பெரியதனக்காரர் இப்போது திரும்பினார். "மெய்யச் சொல்லு. யாரு அடுப்புல துன்றே?"

"கோட்டையிலை சமைக்கிறன். இவையளின்ரை அடுப்பிலைதான் கஞ்சி குடிக்கிறன், கூழ் குடிக்கிறன். பிள்ளை பிறந்த நாள் தொட்டு அந்த அடுப்பை மூட்டுறதே நான்தான்."

"பொம்பள கழி புடிக்கிறதா?" என்று யாரோ கேட்டார்கள். பெரியதனக்காரர் கொஞ்சம் யோசித்தார். "வழக்கத்துல அடுப்புன்னுதான் கீது. ஆம்பளன்னு இல்ல. எறங்கட்டும்" என்றார்.

நான் இறங்கினேன். கழி என் கைக்கு வந்ததும் தேசப்பன் புதர்ப் பக்கம் பறந்தான். அந்த வேகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. இடுப்புவரை ஏரி. சேலை ஊதிக்கொண்டு மேலே மிதந்தது. கால் விரல்களுக்கு இடையில் சேறு பிதுங்கியது. இறால் கூட்டம் தொடையில் முட்டி முட்டி வலையில் விழுந்தது. எதையும் உதற முடியாது; அசைந்தால் கழி சாயும். நான் வாந்தி எடுக்காமல் இருந்ததே பெரிய காரியம். அப்போதுதான், இத்தனை மாதமும் நான் சுமந்து திரிந்த காற்று, சொல்லிவைத்தாற்போலப் புறப்பட்டது. என்னால் அடக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் தண்ணீர் குமிழியிட்டது. இரண்டு பக்கத்து ஆண்களும் வானத்தைப் பார்த்தார்கள். நான் செத்துப்போக ஆசைப்பட்டேன்.

"காத்துக்குத் தீட்டு இல்ல. அது ஏரிக்கு வர்றதுதான்" என்று முனையிலிருந்து பெரியதனக்காரர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

தேசப்பன் நல்ல நேரம் கழித்துத் திரும்பி வந்தான். ஆளே பாதியாகி, முகம் தெளிந்து, புதிதாகப் பிறந்தவன்போல நடந்தான். கழியை வாங்கிக்கொண்டான். "யக்கா" என்று மட்டும் சொன்னான். தெரு முழுக்க அன்று ஒரே பேச்சு, வயிறு போய்விட்டது என்று. கோப்பிக்குப் பெயர் கிடைக்கவில்லை. "தண்ணி எறங்கச்சொல்ல குடிச்சான்ல, அதான்" என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் பெரியதனக்காரர் சாயந்தரம் வாசலுக்கு வந்தார். "இன்னிக்கு நீ இந்த அடுப்புன்னு அம்மன் தண்ணில நின்னு சொல்லிட்டே. நாளைக்கு இல்லேன்னு ஆவக்கூடாது. தை குலுக்கல் வரைக்கும் வேற அடுப்புல கை நனைக்காதே. நனைச்சா சொன்னது பொய்யின்னு ஆயிரும், பாடு போயிரும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து கோட்டையில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. விடிகிற நேரத்தில் கோப்பியை வறுக்கிறேன், இடிக்கிறேன், வடிக்கிறேன். அந்த மணம் என் முகத்தில் அடிக்கிறது. ஒரு சொட்டு நாக்கில் வைக்க முடியாது. நோனா மீதி வைத்த பால் கோப்பியை ஆடையோடு கீழே கொட்டுகிறேன். இரண்டு வாரத்தில் என் வயிறு தட்டையாகிவிட்டது. நெஞ்செரிவும் இல்லை. ஆட்டுப்பால்தான் இத்தனை நாளும் உப்பவைத்ததா, இவர்களுடைய புளித்த கஞ்சி வயிற்றைச் சரியாக்கியதா, எனக்குத் தெரியாது. நான் திட்டித் தீர்த்த ஏரித் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி என்பது மட்டும் தெரியும். அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. நோனா என் தட்டை வயிற்றைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தன் கையால் ஒரு கிண்ணம் கோப்பி நீட்டினாள். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். துக்கத்தில் மறுக்கிறேன் என்று அவள் நினைத்தாள். போன பிள்ளைக்காக அவள் செய்த ஜெபத்தை நான் நின்று கேட்டேன். வேறென்ன செய்ய?

மார்கழியில் கப்பல் வந்தது. நோனா சொன்ன சொல்லைக் காத்தாள். எனக்கு இடம் பிடித்திருந்தாள். எல்லம்மா கட்டுச்சோறு கட்டித் தருகிறேன் என்றாள். அவள் அடுப்புச் சோறு, கப்பலில் தின்றால் குற்றமில்லை என்றாள். "போய் இறங்கின பிறகு?" என்று கேட்டேன். பிள்ளை பெற்றுக் கிடக்கிற என் மகளின் வாசலில் போய் நின்று, உன் அடுப்பில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன், எனக்கு வேறு அடுப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? குடித்துவிட்டால் மட்டும், யாரும் பார்க்காத இடத்தில்தானே குடித்தேன் என்று இந்த அம்மனிடம் எப்படிச் சொல்வேன்? எல்லம்மாவின் சின்னது அப்போது என் மடியில்தான் இருந்தது. அது என் சேலையை நனைத்தது. நான் முகம் சுளித்தேன். ஆனால் இறக்கிவிடவில்லை.

நான் ஏறாத அந்தக் கப்பல் தண்ணீர் இறங்கும் நேரத்தில்தான் புறப்பட்டது. கோட்டையிலிருந்து கொண்டுவந்த கோப்பித் துணியை அலச நான் ஏரிக்கரைக்கு வந்திருந்தேன். மேட்டு வழியில் வரவில்லை. முழங்கால்வரை சேற்றில் நின்று துணியை உதறினேன். கரிய சக்கை தண்ணீரில் பரவி, இறங்கும் நீரோடு சேர்ந்து முகத்துவாரத்தை நோக்கி, பாய் விரித்து நின்ற கப்பலை நோக்கிப் போனது. சக்கைக்கு வழி தெரிந்திருந்தது. நான் ஒரு காலை எடுத்துப் பார்த்தேன். சேறு அதே அசிங்கமான சத்தத்தைப் போட்டு இழுத்துக்கொண்டது.

பின்னால் இடுப்பில் கூடையோடு போன ஒருத்தி, போகிற போக்கில் கேட்டாள். "இன்னாக்கா, வயிறு போச்சா?"

"போச்சு" என்றேன்.